கவலை: வழியிலிருந்து மனத்திற்கு

மட்டாஞ்சேரியிலிருந்து ஆலுவாவிற்குப் பேருந்தில் செல்லும் தமிழர் ஒருவர், ஆலுவா நகருக்குள் நுழைந்ததும் ஒரு சொல்லைக் கண்டு திகைக்க நேரும். 'பம்ப் கவல', 'பைபாஸ் கவல' என்று கடைப்பலகைகளும் நாளிதழ்ச் செய்திகளும் சொல்லும். மலையாள எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவர்க்கு இச்சொல் தம் மொழிச் சொல்லாகவே படும். ஆனால் பொருள் பொருந்தாது. பெட்ரோல் விற்கும் இடத்திற்கும் மனத்துயருக்கும் என்ன தொடர்பு என்று அவர் எண்ணலாம். விடை எளியது. மலையாளத்தில் 'கவல' என்பது சாலைகள் கூடிப் பிரியும் இடம். தமிழில் 'கவலை' என்பது இன்று மனத்தில் மட்டுமே உள்ளது. மலையாளத்தில் அது தெருவில் நிற்கிறது.

மொழிபெயர்ப்பாளர் நண்பர் ஒருவர், சென்றவர் மீள வழி தெரியாது சுற்றும்படி அமைக்கப்பட்ட பாதையைக் குறிக்க ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'லாபிரிந்த்', 'மேஸ்' என்னும் இரு சொற்களுக்கும் தமிழில் நிகர் யாது என வினவியதே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல். புதிர்ப்பாதை, புதிர்நிலை, சுழல்வழி, சிக்கல்வழி எனப் பல ஆக்கங்கள் உள்ளன. இவற்றுள் எதுவும் நிலைபெறவில்லை. நிலைபெறாமைக்குக் காரணம் தமிழில் சொல் இல்லாமை அன்று. இருந்த சொல் வேறிடத்திற்குக் குடிபெயர்ந்துவிட்டமையே என்பது இக்கட்டுரையாளர் கருத்து. அக்குடிபெயர்ச்சியின் தடங்களைக் காண்பதே இங்கு நோக்கம்.

சங்கநூல்களில் கவலை

பாலைநிலத்தைப் பாடும் பழம்பாட்டுகளில் கவலை என்னும் சொல் வழி கிளைபட்டுப் பிரியும் இடத்தைக் குறித்துப் பன்முறை வருகிறது. அது வெறும் நிலவியற் குறிப்பாக நிற்பதில்லை. அச்சம் தரும் இடமாகவே வருகிறது. புறநானூற்றின் மூன்றாம் பாட்டில் இரும்பிடர்த்தலையார் காட்டும் கவலையில், ஆறலைப்போர் எய்த அம்பால் மாண்ட புதியவர்களைக் கற்குவியல் மூடியிருக்கிறது. அங்கே உன்னமரத்தில் பருந்து இருந்து வருந்துகிறது. அத்தகைய கவலையைக் கடந்தே இரவலர் பாண்டியனிடம் வருகின்றனர். எவ்வழி செல்வது என்று தயங்கி நிற்கும் இடத்தில்தான் வழிப்போக்கன் கொல்லப்படுகிறான். நேரே செல்லும் வழியில் நடையின் வேகம் ஓரளவு காவலாகும். கவர்வழியில் அக்காவலும் இல்லை.

இவ்வகையில் நமக்கு மிகப் பயன்படும் நூல் மலைபடுகடாம். இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் நன்னன்மேற் பாடிய இந்த 583 அடிப் பாட்டு, கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும். ஆற்றுப்படை என்பதன் நேர்ப்பொருளே வழிப்படுத்துதல். பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிரே வரும் கூத்தனுக்கு வழி சொல்லுகிறான். ஏனைய ஆற்றுப்படைகளில் வழி பெரும்பாலும் நிலக்காட்சிகளின் வரிசையாக அமையும். இங்கோ அது உண்மையான நடைக்குறிப்பாகவே அமைந்திருக்கிறது. எங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், எங்கே பாம்பு கிடக்கும், எங்கே கவண்கல் பறந்து வரும், எங்கே வழுக்கும் என்றெல்லாம் எச்சரிக்கை தொடர்கிறது.

அவ்வெச்சரிக்கைகளுக்கு இடையே ஒரு கவலை வருகிறது. மராமரத்தடியில் எழுத்துப் பொறித்த கல் நிற்கும், கடவுள் உறையும் கவர்வழி அது. அவ்விடத்தை ஒட்டியே நாட்டுக்குப் புதியோராகிய கூத்தர்க்கு ஓர் அறிவுரையும் கூறப்படுகிறது. வழிகள் கூடும் சந்தினைத் துடைத்துத் தூய்மைசெய்து, செல்லும் வழியில் புல்லை முடிந்து அடையாளமாக இடுக என்பது அது. பின்னே வருவோர் வழி தவறாதிருத்தற்கே இவ்வேற்பாடு. கிரேக்கக் கதையில் அரியட்னி தந்த நூலுருண்டையைத் தேசியசு தன் பொருட்டு அவிழ்த்துக்கொண்டே போகிறான். தான் மீள வேண்டும் என்பதே அவன் எண்ணம். மலைபடுகடாத்துக் கூத்தரோ தமக்குப் பின் வருவார்க்காகப் புல்லை முடிகின்றனர். நூலைக் கட்டுவோன் ஒற்றை வீரன். புல்லை முடிவோர் சுற்றத்தோடு செல்லும் கலைஞர். இரு பண்பாடுகளைப் பற்றிப் பெருமுடிபு எதையும் இவ்வேறுபாட்டிலிருந்து வருவிக்க இக்கட்டுரையாளர் விரும்பவில்லை. ஆயினும் வழிச்சிக்கலும் அதற்குரிய தீர்வுமாகிய இரண்டும் தமிழில் ஓரிடத்தே பேசப்பட்டுள்ளமை மொழிபெயர்ப்பாளர் அறிந்திருக்கத்தக்கது.

நப்பூதனாரின் முல்லைப்பாட்டிலும் இச்சொல் உண்டு. அங்கே இடம் காடன்று. மன்னன் காட்டிடையே அமைத்த பாசறை. தழை வேய்ந்த கூரைகளையுடைய தெருக்கள் கூடும் முற்றத்தில் யானை காவல் நிற்கிறது; அம்முற்றமே கவலை. 103 அடிகளே கொண்ட அப்பாட்டில் உறங்காத அரசன் ஒருபுறம், பிரிவாற்றாத அரசி ஒருபுறம். இன்றைய பொருளில் கவலை நிரம்பி வழியும் பாட்டு அது. எனினும் சொல்லளவில் அது யானை நிற்கும் சந்தியிலேயே நிற்கிறது. மேலும் ஒன்று நோக்கத்தக்கது. அரசி தன் நெஞ்சைத் தேற்றும் செயலை அப்பாட்டு நெஞ்சை ஆற்றுப்படுத்தலாகவே சொல்கிறது. அதனாலேயே முல்லைப்பாட்டிற்கு நெஞ்சாற்றுப்படை என்னும் பெயரும் ஏற்பட்டது. நெஞ்சுக்கும் வழி உண்டு, அதுவும் திகைத்து நிற்கும், அதையும் வழிப்படுத்தலாம் என்னும் எண்ணம் அங்கே முழுமையாக உருப்பெற்றுவிட்டது.

சிலப்பதிகாரக் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் மதுரைக்குரிய மூன்று வழிகளைக் கோவலனுக்கு விளக்குகிறான். சிவபெருமான் ஏந்திய சூலம்போல வழி 'கவர்க்கும்' என்பது அவன் வாய்மொழி. வலப்பக்க வழி, இடப்பக்க வழி, இடைவழி என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடர்கள். இடைவழியில் கானுறை தெய்வம் வயந்தமாலையின் உருவில் வந்து கோவலனை மயக்க முயல்வதும், அவன் மந்திரத்தால் உண்மை உணர்வதும் யாவரும் அறிந்தவை. புற உலகில் கவர்த்த வழி, அக உலகில் பழைய வாழ்வின் பக்கம் இழுக்கும் மற்றொரு கவர்வழியாக மாறுகிறது. இளங்கோ இதனை உவமையாகக் கூறவில்லை. கதை நிகழ்ச்சியாகவே வைத்துவிட்டார்.

வேரும் கிளையும்

கவர், கவை, கவடு, கவட்டை, கவான் ஆகியவை ஒன்று இரண்டாகப் பிரிதலை அடிப்படைப் பொருளாகக் கொண்டவை. மரக்கிளையின் பிரிவு, தொடைச்சந்து, சிறுவர் கையிலுள்ள கவட்டை ஆகிய அனைத்தும் ஒரே வடிவத்தின் காட்சிகள். வழியைக் குறிக்கும் கவலை இக்குடும்பத்தைச் சேர்ந்தது என்பதில் ஐயமில்லை. வருத்தத்தைக் குறிக்கும் கவலையோ 'கவல்' என்னும் வினையடியாகப் பிறந்தது. கவன்றான், கவல்கிறான் என அது வினைகொள்ளும். இவ்விரண்டும் ஒரே வேரினவா, ஒலியால் மட்டும் ஒத்தவையா என்பது கருத்து வேறுபாட்டிற்கு இடமானது.

பந்தல் பந்தர் எனவும், சாம்பல் சாம்பர் எனவும், குடல் குடர் எனவும் வருவதை இறுதிப்போலி என்று இலக்கணம் கூறும். அவ்வகையில் கவர், கவல் இரண்டையும் ஒன்றன் இரு வடிவங்களாகக் கொள்ள ஒலியியல் தடையில்லை. பெயர்ச்சொற்களிற் காணும் போலியை வினையடிக்கும் நீட்டலாமா என வினவுவோர்க்கு உறுதியான விடை கூறல் இயலாது. ஆயினும் பொருளியல் துணைநிற்கிறது. ஐயத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'டவுட்', இரண்டைக் குறிக்கும் இலத்தீன் வேரோடு தொடர்புடையது. ஜெர்மானியச் சொல்லான 'ஸ்வைஃபெல்' என்பதிலும் இரண்டு என்னும் எண் ஒளிந்துள்ளது. நம் வழக்கிலும் இருமனம், இரண்டகம் என்பன உள. மனம் கிளைபட்டு நிற்றலே வருத்தம் என்பது பல மொழிகளும் தம்முள் கலந்தாலோசியாமலே கண்ட உண்மை.

இனமொழிகளைப் பார்ப்பின் இக்குடும்பம் எவ்வளவு பரந்தது என்பது விளங்கும். கன்னடத்தில் 'கவலு' கிளை. 'கவலுதாரி' கிளைபிரியும் சாலை. எஸ்.எல். பைரப்பாவின் 2010ஆம் ஆண்டு நாவல் 'கவலு' என்னும் பெயருடையது. 2019இல் வெளிவந்த கன்னடத் திரைப்படம் ஒன்று 'கவலுதாரி' என்னும் பெயரைத் தாங்கியது. தெலுங்கில் 'கவல' இரட்டைப் பிள்ளைகளைக் குறிக்கும். 'கவ' என்பது இணை. மலையாளத்தில் மூன்று வழி கூடுவது முக்கவல, நான்கு கூடுவது நாற்கவல. 1987இல் ஐ.வி. சசி இயக்கிய மலையாளப் படத்தின் பெயரும் 'நாற்கவல'யே. கன்னடர்க்குக் கிளையாகவும், தெலுங்கர்க்கு இரட்டையராகவும், மலையாளிகட்குச் சந்தியாகவும் தோன்றுவது தமிழர்க்கு மட்டும் துயராகத் தோன்றுகிறது. (கவலைக்கிழங்கையும் கவலை ஏற்றத்தையும் இங்கே விட்டுவிட்டேன். முன்னது குறுந்தொகைக் காலத்திலிருந்தே தோண்டப்பட்டு வருகிறது. அதன் பெயர் எங்கிருந்து வந்தது என்பதைத் தாவரவியலாரோடு கூடித்தான் ஆராய வேண்டும்.)

வழிப்பொருளும் மனப்பொருளும் பழைய நூல்களிலேயே காணப்படுதலின், ஒன்று தேய்ந்த பின்னரே மற்றொன்று பிறந்தது எனக் காலவரிசை வகுத்தல் கூடாது. ஆயினும் ஒரு சிறு குறிப்பு உண்டு. திருக்குறளின் ஏழாம் குறளில் வருவது 'கவலை' என்னும் தனிச்சொல் அன்று, 'மனக்கவலை' என்னும் தொடர். மனம் என்னும் அடை ஏன் வேண்டும்? இன்று நமக்குக் கவலை மனத்திலன்றி வேறெங்கும் இல்லை. வள்ளுவர் காலத்தில் மனத்தில் அல்லாத கவலையும் வழக்கில் இருந்திருந்தால் அவ்வடை பொருளுடையதாகும். யாப்பு நிரம்புதற்காக வந்த சொல் என மறுப்பாரும் இருக்கலாம்; அம்மறுப்பைப் புறந்தள்ள இயலாது. ஆனால் அக்குறளில் வரும் தாள் சேர்தல் என்னும் கருத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது, கவர்வழியில் திகைத்தவன் வழியறிந்தவனின் அடியைப் பற்றிச் செல்லும் காட்சி மனத்தில் எழாமற் போகாது.

தமிழின் அறச்சொற்கள் பலவும் வழிச்சொற்களே என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. நெறி வழி, அதுவே ஒழுக்கம். ஆறு வழி, அதுவே முறை. செம்மை நேர்மையான கோடு. கோட்டம் வளைவும் அநீதியும். இலக்கணத்தார் கூறும் வழு, வழாநிலை என்பனவும் கால் வழுவுதலை நினைவூட்டுவன. வழியே வாழ்க்கையானால் வழி பிரியுமிடம் கவலையாதல் இயல்பே.

தெருவை விட்டுச் சென்ற சொல்

இன்றைய தமிழகத்தில் சாலை பிரியும் இடத்திற்குப் பெயர்கள் பல. கோவைப் பகுதியில் ஊர்ப்பெயரோடு 'பிரிவு' என்பது சேரும். மதுரைக்குத் தெற்கே 'விலக்கு'. செங்கற்பட்டு, விழுப்புரம் பக்கம் 'கூட்டு ரோடு'. தஞ்சை, திருவாரூர் வட்டாரத்தில் 'கைகாட்டி'. யாழ்ப்பாணத்தில் 'சந்தி'. எங்கும் பொதுவாக 'முக்கு' உண்டு. இப்பட்டியலைப் பேருந்துப் பயணி எவரும் தம் அனுபவத்தால் நீட்டலாம். இவற்றுள் பிரிவும் விலக்கும் வழி பிளவுபடுதலைக் காண்பன. சந்தியும் கூட்டும் வழி ஒன்றுசேர்தலைக் காண்பன. கைகாட்டி, ஐயுற்று நிற்பவனுக்குத் திசை காட்டிய மரப்பலகையின் நினைவு. வட்டார வழக்காய்வில் ஈடுபட்டோர் இப்பெயர்களின் எல்லைகளை நிலப்படத்தில் வரைந்து பார்த்தல் நன்று. இத்தனை பெயர்களுள்ளும் கவலை இல்லை.

மனத்துயர்ப் பொருள் வலுத்தபின், எவரும் தம் ஊரின் நுழைவாயிலுக்கு அப்பெயரை இட விரும்பார் என ஊகிக்கலாம். ஒரே வடிவம் நற்பொருளும் தீப்பொருளும் தாங்கும்போது தீப்பொருளே வெல்வது மொழிகளில் பரவலாகக் காணும் நிகழ்ச்சி. 'நாற்றம்' நறுமணத்தைக் கைவிட்டதை இதற்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். மேலைக்கடற்கரையில் துயரைக் குறிக்க ஆதி, வேவலாதி, உத்கண்டை என வேறு சொற்கள் அன்றாட வழக்கில் அமைந்தமையால் கவல தன் சந்தியிலேயே தங்கிவிட்டது போலும். அங்கேயும் அது உருவகப் பொருளின்றி இல்லை. தெருமுனைப் பேச்சு 'கவலப் பிரசங்கம்'. தெருமுனை முரடன் 'கவலச் சட்டம்பி'. வழிப்போக்கனின் ஐயமன்று, வேலையற்றோர் கூடும் பொதுவிடமே மலையாளிகளின் கவலையில் முன்னிற்கிறது.

கோட்டை என்னும் மற்றொரு சொல்

மலையாளத்தில் சிக்கலான சுழல்வழிக்குப் பெயர் கவல அன்று. 'இராவணன் கோட்டை' என்பதாகும். சிறுவர் இதழ்களில் வழி கண்டுபிடிக்கச் சொல்லும் கோட்டுப்படம் முதல், அயல்நாட்டு இலக்கியங்களில் வரும் 'லாபிரிந்த்' வரை இச்சொல் பயன்படுகிறது. ஆலுவாப் பேருந்து புறப்பட்ட மட்டாஞ்சேரியில், போர்த்துகீசியர் 1555ஆம் ஆண்டளவில் கட்டி வீரகேரளவர்மருக்கு அளித்த அரண்மனை நிற்கிறது. 1663இல் டச்சுக்காரர் பழுதுபார்த்தமையால் அதனை டச்சு அரண்மனை என்றும் அழைப்பர். அதன் பள்ளியறைச் சுவர்களை இராமாயணக் கதை ஓவியங்களாக நிறைத்துள்ளது. இராவணனின் நகர் இப்பகுதி மக்களுக்கு ஏட்டுச் செய்தி மட்டுமன்று, கண்ணாற் கண்ட செய்தி. சிக்கல்வழிக்கு அவன் பெயர் அமைந்ததில் வியப்பில்லை.

இத்தொடர்பு கேரளத்திற்கு மட்டும் உரியதன்று. கி.பி. 1030ஐ ஒட்டி இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி, இலங்கையைக் குறித்த பகுதியில் சுழல்வழி அமைந்த கோட்டை ஒன்றின் வரைபடத்தைத் தந்துள்ளார். கிரீட் தீவின் நொசாஸ் நகர நாணயங்களிற் காணும் ஏழு சுற்று வடிவம் தென்னிந்தியாவில் கோலமாகவும் பச்சைக்குத்தாகவும் வழங்கியதை ஜான் லேயர்ட் 1937இல் 'ஃபோக்லோர்' இதழில் எழுதினார். கோவா மாநிலத்து உஸ்கலிமல் பாறைச் செதுக்கலிலும் இவ்வடிவம் உண்டு. பொள்ளாச்சியை அடுத்த கெடிமேட்டில் கற்களால் அமைந்த சதுர வடிவிலான ஒன்று உள்ளது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் கல்வரிசைகள் உள. தொல்லியலார் அவற்றைப் 'புதிர்நிலை' என்பர். ஊர்மக்கள் வழக்கில் 'ஏழு சுற்றுக் கோட்டை' என்னும் பெயர் உண்டு. மக்கள் சொல்லே சரியான சொல் என்பது என் துணிபு.

ஏனெனில் இவ்வடிவங்களில் புதிர் ஏதும் இல்லை. நுழைவாயிலில் கால்வைத்தவன் வழியே சென்றால் மையத்தை அடைந்தே தீர்வான். இடையில் கவர்வழி ஒன்றும் குறுக்கிடாது. வழி வளைந்து வளைந்து மையத்தை நெருங்குவதும் விலகுவதுமாகப் போகும். ஆனால் தேர்வு இல்லை. நொசாஸ் நாணயத்து வடிவமும் அத்தகையதே. அப்படியாயின் தேசியசுக்கு நூல் எதற்கு என்னும் வினா ஐரோப்பிய அறிஞரை நெடுங்காலம் வருத்தியது. ஒற்றைவழிச் சுழலும் பல்வழிச் சிக்கலும் வேறு வேறு. கதை ஒன்றையும் படம் மற்றொன்றையும் காட்டுகிறது. ஆங்கில நூலாசிரியர் சிலர் முன்னதை 'லாபிரிந்த்' எனவும் பின்னதை 'மேஸ்' எனவும் பிரிக்க முயன்றும் பொதுவழக்கு அதை ஏற்கவில்லை.

தமிழில் அப்பிரிவு இயல்பாகவே அமைந்திருக்கிறது. கோட்டை ஒற்றைவழி, கவலை பல்வழி. கோட்டைக்குள் இருப்பவனின் இடர் வழி தெரியாமையன்று, வெளியேற இயலாமை. பாரதப்போரின் பதின்மூன்றாம் நாளில் சக்கர வியூகத்துள் நுழைந்த அபிமன்யு வழி தவறியவன் அல்லன். உட்புகும் வழி அறிந்தவன், மீளும் வழி அறியாதவன். ஹளேபீடு ஹொய்சளேசுவரர் கோயிற் சிற்பத்தில் அவ்வியூகம் சுருள்வழியாகவே செதுக்கப்பட்டுள்ளது. கவலையில் நிற்பவனோ எங்கும் அடைபடவில்லை. எல்லா வழியும் அவனுக்குத் திறந்தே உள்ளன. அதுவே அவன் துன்பம்.

இரு சொற்களும் மனத்துள் புகுந்தமையும் கருதத்தக்கது. மனக்கவலை போலவே மனக்கோட்டையும் உண்டு. ஒன்று துயரம், மற்றொன்று வெற்று நம்பிக்கை. கையில் வந்ததை இழப்பவன் 'கோட்டை விட்டான்' எனப்படுகிறான். அரண் என்னும் காப்புப்பொருளே தமிழில் கோட்டையின் உருவகங்களை ஆள்கிறது. மலையாளத்தில் இராவணன் பெயர் சேர்ந்ததால் சிக்கற்பொருள் அதற்கு ஏறியது. இராவணன் கோட்டை என்பதைத் தமிழிலும் வழங்கலாமே எனின், தமிழ் வாசகர் மனத்தில் சுழல்வழி தோன்றாது, மதிலே தோன்றும்.

நூலும் நுனியும்

ஆங்கில 'மேஸ்' என்னும் சொல்லின் வரலாறு கவலையின் வரலாற்றைத் தலைகீழாகப் பிடித்தது போன்றது. இடைக்கால ஆங்கிலத்தில் அதன் முதற்பொருள் மனத்திகைப்பு, மதிமயக்கம் என்பதே. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அது சிக்கல்வழியைக் குறிக்கத் தொடங்கியது. வியப்பைக் குறிக்கும் 'அமேஸ்' அதன் உறவே. அங்கே சொல் மனத்தில் பிறந்து தோட்டத்துக்கு வந்தது. இங்கே காட்டில் பிறந்து மனத்துக்குச் சென்றது. மனத்தில் பிறந்த வழிச்சொல்லின் சாயல் நமக்கும் உண்டு. திகைப்பூண்டை மிதித்தவன் திசை தெரியாது ஒரே இடத்தைச் சுற்றிவருவான் என்பது நாட்டார் நம்பிக்கை. பூண்டு காலடியில் இருப்பினும் சுற்றுவது மதியே.

நூலைப் பற்றியும் ஒரு சொல். 'குளூ' என்று ஆங்கிலத்தில் வழங்கும் தடயச் சொல், நூலுருண்டையைக் குறித்த பழஞ்சொல்லின் வழிவந்தது. தேசியசின் கதையே அதற்கு அப்பொருளைத் தந்தது. மலையாளத்தில் குற்றப்புலனாய்வில் கிடைக்கும் தடயம் 'தும்பு'. நுனி என்பது அதன் நேர்ப்பொருள். ஆனால் அதே மொழியில் சட்டச் சிக்கல், அலுவலகச் சிக்கல் யாவும் 'நூலாமால'. ஐரோப்பியர்க்கு நூல் சிக்கலிலிருந்து மீட்பது. மலையாளிகட்கு நூலே சிக்கல், அதன் நுனியே மீட்சி. தமிழில் 'சிக்கல்' என்னும் சொல்லும் நூலையும் முடியையும் கண்டு எழுந்ததே. வழியைக் கண்டு எழுந்தது அன்று. ஆகவே 'சிக்கல்வழி' என்னும் ஆக்கம் நூலையும் பாதையையும் ஒட்டவைக்கிறது. ஒட்டு தெரியாவிட்டாலும் பொருள் இடறுகிறது. அவிழ்ப்பதற்குரியது சிக்கல், நடப்பதற்குரியது வழி.

மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடியது யாது? போர்ஹெஸ் 1941இல் எழுதிய சிறுகதையொன்றின் தலைப்பு, கிளைபிரியும் பாதைகளையுடைய தோட்டத்தைக் குறிப்பது. அக்கதையில் தோட்டமும் நூலும் காலமும் ஒன்றாகின்றன. ஒவ்வொரு தேர்விலும் காலமே கிளைக்கிறது. சங்கப்புலவர் ஒருவர் அதனைத் தமிழாக்கியிருந்தால் கவலை என்னும் ஒரு சொல்லே போதியதாயிருக்கும். கன்னடர்க்கு இன்றும் 'கவலுதாரி' கைவசம் உள்ளது. இன்றைய தமிழர் 'கவலைகளின் தோட்டம்' என்று எழுதுவாராயின் வாசகர் கண்ணீர்க் கதையையே எதிர்பார்ப்பர். இழப்பு மெய்யானது, அதனை மறைக்க வேண்டுவதில்லை.

'கவர்வழி', 'கவர்நெறி' என்பன இன்னும் உயிருள்ள ஆக்கங்கள். கவட்டையை அறிந்த வாசகர் எவரும் அவற்றை ஊகித்தறிவர். கவலையின் உறவும் அடியில் மெல்ல ஒலிக்கும். பல்வழிச் சிக்கலாக வரும் இடங்களுக்கு இவற்றையும், ஒற்றைவழிச் சுழலுக்குச் 'சுற்றுக்கோட்டை' என்பதையும் பயன்படுத்தலாம். புதிர்ப்பாதை விளையாட்டுப் பக்கங்களுக்குப் போதும். வெளியேற இயலாமையே கருத்தாயின் வியூகம் என்பதே தகும். மூலத்தில் ஒரே சொல் நிற்கும் இடங்களில் தமிழில் மூன்று சொற்கள் நிற்க நேரிடும்; பதிப்பாசிரியர் சீர்மை வேண்டி ஒன்றாக்க முற்படுவர். எழுத்தாளர் சொல்வது அடைபட்ட துயரா, தேர்வின் துயரா என்பதை வாசித்தறிந்தபின் ஒவ்வோரிடத்தும் தனித்தனியே முடிவுசெய்தலே மொழிபெயர்ப்பாளர் கடன்.

நண்பர்க்கு இவ்வாறே எழுதியனுப்பினேன். அவர் 'கவர்நெறி'யை ஏற்றார், 'சுற்றுக்கோட்டை'யை ஏற்கவில்லை. கோட்டை என்றால் தம் வாசகர்க்குச் செஞ்சி மட்டுமே நினைவுக்கு வரும் என்றார்.